ஜன்னலக்கா

அந்த அக்காவோடு ஒரே வீட்டில் நான்கு வருஷம் இருந்தேன். முகம் பார்த்துப் பேசிய நேரத்தை எல்லாம் சேர்த்தால் ஒரு பகல் தேறுமா என்பது சந்தேகம். அடுப்படியில் நான் இருந்தால் அவர் கூடத்தில் இருந்து பேசுவார். நான் கூடத்துக்கு வந்தால் அறைக்குள் போய்விடுவார்; பேச்சு மட்டும் அறுபடாமல் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருக்கும். கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. எதிரே ஆள் இருந்தால் அவருக்கு வார்த்தை வராது, அவ்வளவுதான். நடுவில் ஒரு மறைப்பு வேண்டும்.

ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திரம் நடத்தினார். அவரிடம் படித்த பெண் ஒருத்தி ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

“மேடம் கடைசி பெஞ்சுக்குப் பின்னால நின்னுதான் பாடம் நடத்துவாவ. நாங்க போர்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். யாராவது திரும்பிப் பாத்தா அன்னைக்குப் பாடம் அம்புட்டுதான்.”

“பயமா இருக்காதா?”

“மொதல்ல இருந்துச்சு. பொறவு அந்தக் கொரலு நம்ம மண்டைக்குள்ள இருந்தே வாரமாதிரி ஆயிரும்.”

எனக்கு இது விநோதமாகப் படவில்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எண்பதுகளின் நடுப்பகுதி அது. வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் எங்களிடம் டிரங்க் கால் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகம் தெரியாதவர்களோடு பேசிவிட்டு வருகிறவளுக்கு, வீட்டிலும் ஒரு குரல் மட்டும் இருந்தது இதமாகத்தான் இருந்தது.

அவருக்குச் சொந்த ஊர் வ. புதுப்பட்டி, எனக்கு வத்திராயிருப்பு. தினமும் ஒரே பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து பழக்கமாகி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் சேர்ந்து வீடு பிடித்தோம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். தெருவைப் பார்த்த அறையை அவர் எடுத்துக்கொண்டார். அதில் மார்பு உயரத்துக்குக் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று இருந்தது.

மதுரையில் ஒரு பேராசிரியரிடம் அவர் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தார். எதைப் பற்றி என்று ஒரு நாள் கேட்டேன். அறைக்குள் இருந்து பதில் வந்தது.

“எண்ணூறு வருசத்துக்கு முந்தி ஐரோப்பாவுல சில பொம்பளைங்க இருந்தாவ, தங்கம். மாதாகோயில் சுவத்தோட ஒட்டி ஒரு சின்ன அறை கட்டச் சொல்லி அதுக்குள்ள போயிருவாவ. பிஷப்பு வந்து, செத்தவங்களுக்கு ஓதுத ஜெபத்தை உயிரோட இருக்கவளுக்கு ஓதுவாரு. பொறவு வாசலை அடைச்சிருவாவ. சில அறையில குழியும் வெட்டி வச்சிருக்கும். அவ அதைத் தெனமும் பாத்துக்கிட்டு இருக்கணும். சாகுத வரைக்கும் வெளிய வரக்கூடாது.”

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். “யாரு செஞ்ச கொடுமைக்கா இது?”

“யாரும் செய்யல. அவியளே மனுப்போட்டுக் கேட்டு வாங்குனது. அதுதான் சங்கதி.”

அந்த அறைக்கு மூன்று ஜன்னல் உண்டாம். ஒன்று கோயிலுக்குள் பார்க்கும். ஒன்று வேலைக்காரி சோறு கொடுக்க. மூன்றாவது தெருவுக்கு, அதில் கறுப்புத் துணி தொங்கும், துணியில் வெள்ளைச் சிலுவை. ஊர் ஜனம் அதன் முன்னால் நின்று குறை சொல்லும், யோசனை கேட்கும்.

“வெளிய இருந்தா அப்பனுக்கு மக, புருசனுக்குப் பொண்டாட்டி. மடத்துல சேந்தா அங்க ஒரு தலைவி. இந்த அறைக்குள்ள போயிட்டா எவனும் கிட்ட வர முடியாது. பெரிய பிரபு வந்தாலும் துணிக்கு இந்தப் பக்கம் நின்னுதான் பேசணும்.”

சாமியார்கள் இந்தப் பெண்களுக்கு எழுதிவைத்த விதிகளையும் சொன்னார். ஊர்க்கதை பேசாதே. ஜன்னலில் எட்டிப் பார்க்காதே. வேண்டுமானால் ஒரு பூனை வளர்த்துக்கொள். “எல்லாரும் இதப் படிச்சிட்டு, ஆகா எம்புட்டு அடக்கமா இருந்திருக்காங்கன்னு எழுதுதாவ. பேசாதன்னு ஒருத்தன் பக்கம் பக்கமா எழுதுனா என்ன அர்த்தம்? அவ பேசிக்கிட்டே இருந்தான்னு அர்த்தம்.”

இதை ஒரு அத்தியாயமாக எழுதி மதுரைக்குக் கொண்டுபோனார். பேராசிரியர் அத்தனை பக்கத்தையும் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தார். அதிகாரம் என்றால் ராஜா, போப், பிஷப். இந்தப் பெண்களைப் பற்றி பக்தி என்று பத்துப் பக்கம் எழுதினால் போதும் என்றாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அந்த ஆளு எனக்கு எதிர்க்க உக்காந்திருந்தாரு, தங்கம். ஒரு வார்த்தை வரல.”

அந்தக் கோடையில் அவருக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பங்கொத்து செருகினேன். தெருப் பெண்கள் உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று இளநீரும் மோரும் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் நின்ற விதம் வேறாக இருந்தது. முந்தின வாரம் வரை “டீச்சர்” என்று கூப்பிட்டவர்கள் இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு, தலை குனிந்து, “தாயி, கோவிச்சுக்காம எறங்கிக்கோ” என்றார்கள். உடம்பில் அம்மன் இருக்கிறாள் அல்லவா. ஒருத்தி குழந்தைக்கு விபூதி கேட்டாள். காய்ச்சலில் முனகிய அக்கா என்ன சொன்னாரோ, அதையே வாக்காக எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று தண்ணீர் ஊற்றி அம்மை இறங்கியது. நான் வேப்பங்கொத்தை எடுக்கப் போனேன்.

“இருக்கட்டும். எடுக்காத,” என்றார் உள்ளேயிருந்து. மறுநாள் என்னைக் கறுப்புத் துணி வாங்கிவந்து ஜன்னலுக்குத் திரை தைக்கச் சொன்னார்.

“வெள்ளைச் சிலுவை வேண்டாமாக்கா?” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “இங்க அதுக்கு அவசியமில்ல.”

முதலில் வந்தவள் எதிர்வீட்டுப் பேச்சியம்மாள். புருஷன் பட்டாளத்தில் இருந்தான். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. அன்று பகலில்தான் எனக்கு வடக்கே இருந்து அவன் குரல் வந்திருந்தது. தெருமுனை மளிகைக்கடை நம்பருக்குக் கேட்டான், கடை பூட்டியிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி கூப்பிடுவதாகச் சொன்னான். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் அதைச் சொன்னேன். பேச்சியம்மாளிடம் போய்ச் சொல்லலாம் என்று முகம் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் அவளே ஜன்னலுக்கு வந்து அழுதுகொண்டிருந்தாள்.

துணிக்குப் பின்னால் இருந்து அக்காவின் குரல் கேட்டது. “வியாழக்கிழமை சாயந்தரம் கடையில போயி நில்லு. அவன் கொரலு கேக்கும்.”

கேட்டது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஜன்னல் முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள். ஜன்னலக்கா என்று பேர் வந்தது அப்போதுதான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் வேலை போகும். போனில் கேட்பதை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் நான் செருப்பைக் கழற்றும்போதே அறைக்குள் இருந்து கேள்வி வரும். “இன்னைக்கு என்ன பேச்சு?”

சொன்னேன். யார் வீட்டில் சீக்கு, யார் எங்கே சண்டை, யாருடைய மகன் யாரோடு ஓடினான். ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். மற்றவர்கள் பேச்சையே இணைத்துக் கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு, தன் பேச்சைக் கேட்க ஒரு காது கிடைத்தால் அதன் ருசி விடாது. மறைப்புக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தால் எதையும் சொல்லிவிட முடிகிறது. தெருப் பெண்களுக்கு நேர்ந்ததுதான் எனக்கும் நேர்ந்திருக்கிறது. அவர்களாவது வாரத்தில் ஒரு நாள் நின்றார்கள்.

கல்லூரிக்கு லீவு போட்டுக்கொண்டே வந்தவர், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். ஊரில் இருந்து அவர் பங்கு நெல்லும் தேங்காயும் வந்தன. வீட்டு வாசலைத் தாண்டுவதை நிறுத்தினார். கோயிலில் தேரோட்டம் நடந்தபோதுகூட வரவில்லை.

“இம்புட்டுக் கிட்ட இருந்துக்கிட்டு ஆண்டாளைப் பாக்க வரமாட்டீங்களா?”

“அவளும் உள்ள போனவதான, தங்கம். கல்யாணப் பொண்ணா உள்ள போனா. திரும்பி வெளிய வந்தாளான்னு இந்த ஊர்ல யாராவது கேட்டிருக்காவளா?”

எனக்கு என்னவோ போல் இருந்தது. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

தெருவின் கடைசி வீடு ஒரு பஞ்சு வியாபாரியுடையது. ராஜபாளையத்தில் கடை வைத்திருந்தார். கோயில் காரியம், பஞ்சாயத்து எல்லாவற்றிலும் அவர் சொல்தான். அவர் மகள் வசந்தாவுக்குப் பம்பாய் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம், உள்ளூரிலேயே இருந்த மாப்பிள்ளையின் அப்பா பம்பாய்க்குப் பேசினார். லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் காதில் வைத்த ஹெட்போனை நான் எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒருத்தியும் ஒரு குழந்தையும் இருந்தார்கள். கல்யாணம் முடியும்வரை அவளை வேறு வீட்டில் வைக்கும்படி தகப்பனார் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று அக்கா கேட்பதற்கு முன்பே நானே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வசந்தாவின் அம்மா வந்து நின்றாள். முகூர்த்தச் சேலை எந்த நிறத்தில் எடுக்கலாம் என்று கேட்கத்தான் வந்தாள்.

“சேலை எடுக்காத. இந்தக் கல்யாணம் வேண்டாம்,” என்றது குரல்.

காரணம் கேட்டாள். அடுத்தவளை வரச் சொல்லிவிட்டது குரல். அந்த அம்மாள் வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை, பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் பஞ்சு வியாபாரி எங்கள் வாசலுக்கு வந்து கதவை உதைத்தார். பின்னால் நாலைந்து ஆட்கள். நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

“ஏட்டி, வெளிய வா. எவட்டி நீ எங்க வீட்டுக் காரியத்துல நாட்டாமை பண்ண?”

அக்கா கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் வரும்படி சொன்னார். வியாபாரி வந்து துணியைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டுவது நிழலில் தெரிந்தது. அப்போது அக்கா, சத்தத்தைக் கூட்டாமல், ஒரு கேள்வி கேட்டார்.

“உங்க வீட்டுக் கெணத்துல விழுந்தாளே, அவ தானா விழுந்தாளா?”

கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. வந்தவர்களின் செருப்புச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் போனதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணம் நின்றது. அடுத்த வாரம் அந்த வீட்டுக் கிணற்றில் வண்டி வண்டியாக மண் கொட்டி மூடினார்கள்.

“யாருக்கா அது? யாரு விழுந்தது? நான் சொல்லலையே,” என்றேன்.

“எனக்குத் தெரியாது.”

“பொறவு எப்படிக் கேட்டீங்க?”

“இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் ஒரு கெணறு இருக்கு, தங்கம். எல்லாக் கெணத்துலயும் எவளாவது ஒருத்தி விழுந்திருப்பா. சும்மா கேட்டுப் பாத்தேன்.”

அதன்பிறகு அவரிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தும் பயனில்லை. என்னிடம் கேட்பதையே அவர் நிறுத்திவிட்டார். நான் சொல்லாமலே அவருக்கு எல்லாம் தெரிந்தது. ஒருத்தி தன் குறையைச் சொல்லும்போது நாலு வீட்டு விஷயம் அதில் வந்துவிடும். ராஜபாளையத்தில் இருந்து மில் முதலாளி வீட்டுப் பெண்கள் காரில் வந்தார்கள். ஒரு போலீஸ் அதிகாரியின் மனைவி வந்தாள். அவர்கள் போன பிறகு அறைக்குள் பேனா கீறும் சத்தம் கேட்கும். அடித்துக் கொடுத்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறாரோ, வேறு எதையோ எழுதுகிறாரோ, நான் பார்க்கவில்லை. நான் கூடத்தில் நின்றால் அவர் இருட்டான மூலைக்குத் தள்ளி உட்கார்ந்துகொள்வார். தட்டை நிலைப்படியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

எனக்கும் ஒரு சம்பந்தம் வந்தது. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர். பெண் பார்க்க வந்த அன்று எனக்குப் பிடித்திருந்தது. சம்மதம் சொல்ல வேண்டிய நாளில் என் அம்மா வத்திராயிருப்பில் இருந்து வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய் மற்றவர்களோடு நின்றாள். பெற்ற மகள் நான் உள்ளே இருக்கிறேன். ஜன்னலக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் பேசுவாளாம்.

கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அந்த வீடு வேண்டாம்,” என்றார் அக்கா. “உங்க மக அங்க நெலைக்க மாட்டா.”

அம்மா அழுதுகொண்டே அடுத்த பஸ்ஸுக்குப் போனாள். நான் வெளியே வந்தேன். அறைக் கதவு நாலு எட்டில் இருந்தது. ஆனாலும் தெருவுக்கு இறங்கிப்போய் இரண்டு பெண்களுக்குப் பின்னால் நின்றேன். நான் தைத்த திரையை அன்றுதான் தெருவில் இருந்து பார்த்தேன். உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமே இல்லை. என் முறை வந்தது.

“சொல்லு,” என்றது குரல்.

“நாந்தான்கா. தங்கம்.”

“தெரியும்.”

“அம்மாட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க? அந்த ஆளப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. நல்லவனாத்தான் இருப்பான்.”

“பொறவு?”

திரை அசையவில்லை. வெகு கிட்டே இருந்து, காதுக்குள் பேசுவதுபோல, வந்தது பதில். “நீ போயிட்டா எனக்குத் தட்டு யாரு வைப்பா?”

அந்த மூன்று ஜன்னலில் இரண்டாவது எதற்கு என்று எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. திரும்பினேன். என் பின்னால் நின்ற பெண்கள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு நல்ல வாக்கு கிடைத்ததாக நினைத்திருக்க வேண்டும். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிரங்க் கால், பேச்சியம்மாள், வசந்தா. அம்மா பொறுமையாகக் கேட்டாள். “நீ சொல்லி அவியளுக்குத் தெரிஞ்சது நாலு விசயம். மத்ததெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?” என்றாள். அவளைச் சம்மதிக்க வைக்க ஆறு மாதம் ஆனது. அந்த ஃபிட்டரையே கட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்குப் போனேன். நல்ல மனுஷன். ஆனால் சின்னச் சண்டை வந்தாலும், ஷிப்ட் முடிந்து அவர் வரச் சற்றுத் தாமதமானாலும், ‘நெலைக்க மாட்டா’ என்று ஒரு குரல் கேட்கும். அது வெளியில் இருந்து வரவில்லை. அந்தக் கல்லூரிப் பெண் சொன்னது அப்போதுதான் புரிந்தது.

எட்டு வருஷம் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. இதற்கிடையில் எக்ஸ்சேஞ்சுகள் தானியங்கி ஆகிவிட்டன. பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தபோது, பிள்ளைகளைக் கணவரோடு தேர் பார்க்க விட்டுவிட்டு, ஏதோ இழுக்க, தெருவுக்குள் நுழைந்தேன். வெயில் சுள்ளென்று இருந்தது. ஜன்னல் முன்னால் ஐந்து பேர். கறுப்புத் திரை வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. கடைசியில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வந்தேனா, சண்டைக்கு வந்தேனா, எனக்கே தெளிவில்லை.

“சொல்லுங்க,” என்றது குரல்.

அது அக்காவின் குரல் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் கேட்டுப் பழகிய குரல்; கேட்ட குரலை நான் மறப்பதில்லை.

“வசந்தாவா?” என்றேன்.

“பின்வாசலுக்கு வாங்க.”

பஞ்சு வியாபாரியின் மகள்தான். நான் போன மறுவாரமே அக்காவுக்குச் சோறு கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்து, அப்படியே தங்கிவிட்டாளாம். தகப்பனார் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். முப்பது வயது இருக்கும். என்னை நேராகப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

“அவிய போயி மூணு வருசம் ஆச்சுக்கா.”

“செத்துட்டாவளா?”

“இல்ல. போயிட்டாவ. வெள்ளிக்கிழமை சாயந்தரம். நான் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிட்டு வாரேன், தெருமுனையில எதிர்க்க ஒரு அம்மா வந்தாவ. தல பூரா நரைச்சு, கையில ஒரு பை, பை நெறயக் காயிதம். கண்ணு கூசி கையை வச்சு மறைச்சுக்கிட்டு நடந்தாவ. எனக்கே செத்த நேரம் புடிபடல. அவியள வெயில்ல நான் பாத்ததே இல்லல்லா. புடிபட்டுத் திரும்புததுக்குள்ள பஸ்ஸுல ஏறிட்டாவ.”

“ஜன்னல்ல யாரும் நிக்கலையா?”

“நாலு பேரு நின்னாவ. வாசக்கதவைத் தொறந்து அந்த நாலு பேரு முன்னாலதான் அக்கா வெளிய வந்திருக்காவ. யாருக்கும் அடையாளம் தெரியல. அவியளுக்குத் தெரிஞ்சது கொரலுதான. பேச்சியம்மா மதினி அவியகிட்டயே, ‘உள்ள அக்கா இருக்காவளா’ன்னு கேட்டிருக்கா. அக்கா வாயத் தொறக்கல. இருக்காவன்னு தலைய மட்டும் ஆட்டிட்டுப் போயிட்டாவ.”

அடுப்பில் பால் பொங்கியது. எழுந்து இறக்கி வைத்தாள்.

“நான் உள்ள வந்து பாத்தா அறை காலியாக் கெடக்கு. திரைக்கு அந்தப் பக்கம் நாலு பேரும் நிக்காவ. ஒருத்தி மாரோட பிள்ளையப் போட்டுக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கா. அவகிட்ட உள்ள யாருமில்லன்னு எப்படிக்கா சொல்ல? ‘சொல்லுங்க’ன்னேன்.”

“கொரலு மாறியிருக்கேன்னு கேட்டிருப்பாளே.”

வசந்தா முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கல,” என்றாள். வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். பாலை மூடிவைத்துவிட்டு அறைக்குள் போனாள்.